எக்செல்ல டிரிப் (சொட்டுநீர்) கணக்கு போட்டா கொட்டேசனவிட 70 ஆயிரம் கம்மியா வருது, எங்க தப்பு?

அந்தியூர்_மஞ்சக்காடு:

வணக்கமுங்க எல்லாத்துக்கும். நமக்கு அந்தியூர் பக்கம் 4 ஏக்கர், அப்பா பேர்ல இருக்கு. இத்தன வருசமா பாத்தி கட்டி வாய்க்கால்லதான் பாய்ச்சிட்டு இருந்தோம், இப்ப தண்ணி கட்ட ஆள் கெடைக்கறதே இல்ல, அப்பாவுக்கும் முட்டி வலி, ராத்திரி கரண்ட்டுக்கு எந்திரிச்சுப் போக முடியல. அதனால வைகாசி நடவுக்கு முன்னால மொத்தமா டிரிப் போட்டரலாம்னு முடிவு பண்ணியாச்சு. ரெண்டு ஏக்கர் மஞ்சள், ரெண்டு ஏக்கர் வாழை.

ரெண்டு கடைல கொட்டேசன் வாங்கினேன். ஒண்ணு 2,21,000, இன்னொண்ணு 2,84,000. ஒரே காட்டுக்கு 63 ஆயிரம் வித்தியாசம் எப்பிடிங்க வரும்? கேட்டா ரெண்டு பேருமே "நம்ம மெட்டீரியல் வேற"ங்கறாங்க. கடுப்பாயி ஞாயித்துக்கெழம உக்காந்து நானே எக்செல்ல ஒரு ஷீட் போட்டேன், எது எவ்வளவுன்னு அப்பாவுக்கு ஒவ்வொண்ணா காட்டணும்னு.

மஞ்சளுக்கு பார் 4 அடி, அதாவது 1.2 மீட்டருக்கு ஒரு லைன், 40 சென்டிமீட்டருக்கு ஒரு டிரிப்பர், மணிக்கு 2 லிட்டர். வாழை 6க்கு 6 அடி, லைன் 1.8 மீட்டர், 60 சென்டிமீட்டருக்கு ஒண்ணு, 4 லிட்டர். லேட்டரல் (பயிர் வரிசைல ஓடற சின்ன ட்யூப்) மொத்தம் 11,180 மீட்டர், மீட்டர் 11 ரூபான்னு 1,22,980. மெயின் (கெணத்துல இருந்து வர்ற பெரிய பைப்) 63 எம்எம் 180 மீட்டர், சப் மெயின் (அதுல இருந்து லைனுக்கெல்லாம் பிரிக்கறது) 63 எம்எம் 124 மீட்டர், ரெண்டும் மீட்டர் 62 ரூபா. ஸ்க்ரீன் ஃபில்டர் 9,500. கேட் வால்வு 4. எல்லாம் கூட்டினா 1,53,128தான் வருது.

கம்மியா சொன்ன கடையவிடவே 68 ஆயிரம் கம்மி. ஒண்ணு அவங்க ஏமாத்தறாங்க, இல்ல என் ஷீட்ல ஓட்டை. அப்பா ரெண்டாவதுதான்னு அடிச்சு சொல்றார். இதுக்குன்னு தனியா ஏதாச்சும் சாஃப்ட்வேர் இருக்குதுங்களா?

பைப்ல_பொழப்பு:

தம்பி, நான் 14 வருசமா டிரிப் ஃபிட்டிங் வேலை பாக்குறேன், தேனி பக்கம். நீங்க கூட்டுனது பெருக்குனது எல்லாம் சரிதான். ஆனா ஷீட்ல இருக்கறது கடையில பாத்த உடனே கண்ணுக்குத் தெரியுற சாமான் மட்டும்தான். டேக் ஆஃப் எங்க? ஒவ்வொரு லைனுக்கும் சப் மெயின்ல ஓட்டை போட்டு ரப்பர் வாசர் வச்சு ஒரு டேக் ஆஃப் மாட்டணும், கடைசில எண்ட் கேப் வேணும். அப்புறம் டீ, பெண்டு, எம்டிஏ, எஃப்டிஏ (மரை வச்ச ஜாயிண்டு), பைப் ஒட்டுற சொல்யூசன், ஃப்ளஷ் வால்வு, ஏர் வால்வு, உரம் குடுக்க வென்ச்சுரி, ஃபில்டருக்கு முன்ன பின்ன ரெண்டு பிரஷர் மீட்டரு. ஒவ்வொண்ணா பாத்தா அஞ்சு ரூபா பத்து ரூபா சாமான், ஒண்ணா சேந்தா உங்க காட்டுக்கு 14 ஆயிரத்துக்கு கொறையாது. பள்ளம் வெட்டுற கூலியும் காணோம். ரெண்டு அடி ஆழம் போகணும், இல்லாட்டி அடுத்த உழவுல டிராக்டரு பைப்ப தூக்கிரும்.

ட்யூப் சரியா 11,180 மீட்டர்தான்னு வாங்குனா கடைசி நாலு லைனுக்கு பத்தாது. வளைவு, ஜாயிண்டு, வெட்டுற துண்டு எல்லாத்துக்கும் சேத்து 3 சதம் கூட வாங்கணும்.

எனக்கு மூணு விசயம் சொல்லுங்க. காடு நீளம் அகலம் என்ன? கெணறா போரா? மோட்டரு மணிக்கு எவ்வளவு தண்ணி தள்ளுது, அத எப்படி தெரிஞ்சுக்கிட்டீங்க?

அந்தியூர்_மஞ்சக்காடு:

நன்றிங்ணா. ரெண்டு துண்டுமே 130 மீட்டர் நீளம், 62 மீட்டர் அகலம், பக்கத்து பக்கத்துல. கெணறுதான், 60 அடி, 5 எச்பி மோட்டர். கோடைல கொஞ்சம் பச்சப் பாசி இருக்கும். கெணத்துல இருந்து காட்டு ஓரம் 180 மீட்டர், காடு கெணத்தவிட ஒரு மூணு அடி மேடு. தண்ணி அளந்து பாக்கலைங்க, 5 எச்பின்னா மணிக்கு 20,000 லிட்டர் வரும்னு நெட்ல போட்டிருந்துச்சு, அதத்தான் எடுத்தேன். மஞ்சளுக்கு மொத்தம் 33,800 லிட்டர், வாழைக்கு 29,467, ஒரே நேரத்துல முழுசும் பாய்ச்ச முடியாது, அதனால ஆளுக்கு ரெண்டு ஷிஃப்ட், 4 வால்வு.

நீர்மட்டம்:

இந்த 20,000லதான் எல்லாமே மாட்டிக்கிட்டு நிக்குது. நான் வேளாண் பொறியியல் படிச்சவ, இப்ப டிசைன் வேலைல இருக்கேன், கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல லேட்டரல் நீளத்த பாப்போம். 130 மீட்டர் லைன ஒரு ஓரத்துல இருந்து நேரா விட்டிருக்கீங்கன்னு சப் மெயின் நீளத்த வெச்சே தெரியுது (62ம் 62ம் 124). 16 எம்எம் ட்யூபுக்குள்ள 13.8 எம்எம் கிட்டதான் ஓட்டை இருக்கும். அதுல 40 சென்டிமீட்டருக்கு 2 லிட்டர் டிரிப்பர் வெச்சு 130 மீட்டர் ஓட்டினா உராய்வுலயே 6 மீட்டர் பிரஷர் (தண்ணிய 6 மீட்டர் ஒசரம் ஏத்தற அளவு) போயிடும். 4 லிட்டர் போட்ட வாழை லைன்ல கணக்குப்படி 10 மீட்டருக்கு மேல போகும். டிரிப்பர் வேலை செய்யறதே 10 மீட்டர் பிரஷர்ல, அதாவது 1 கிலோல. லைனோட தலைல நிக்கற வாழை குளிக்கும், கடைசில நிக்கறது காயும். முதல் டிரிப்பருக்கும் கடைசி டிரிப்பருக்கும் பிரஷர் வித்தியாசம் 20 சதத்துக்குள்ள, அதாவது 2 மீட்டருக்குள்ள இருக்கணும்னுதான் டிசைன் பண்ணுவோம். அதனால சப் மெயின் காட்டு நடுவுல வரணும், ரெண்டு பக்கமும் 65 மீட்டர் லைன் பிரியணும். அப்ப 2 லிட்டர் லைன்ல 1 மீட்டருக்கும் கம்மி, 4 லிட்டர் லைன்ல 1.5 மீட்டர்தான் போகும். லேட்டரல் நீளம் மாறாது. ஆனா நடுவு வரைக்கும் போகவும், ஒவ்வொரு வால்வுக்கும் பிரியவும் மெயின் நீளுது, டேக் ஆஃப் டபுளாகுது. கடைக்காரங்க ரெண்டு பேரும் இத செஞ்சிருப்பாங்க, ஆனா வாயத் தொறந்து சொல்லல, அதுதான் உங்களுக்கு ஏமாத்தற மாதிரி தெரியுது.

அடுத்து மெயின். உங்க 20,000 லிட்டரையே நம்பி 63 எம்எம்ல 180 மீட்டர் தள்ளினா 11 மீட்டருக்கு மேல பிரஷர் போயிடும். டிரிப்பருக்கு வேண்டியத விட அதிகம்! அதே தண்ணி 75 எம்எம்ல போனா 5 மீட்டர்தான். உள்விட்டம் வெறும் ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் கூடுது, ஆனா உராய்வு விட்டத்தோட ஏறக்குறைய 5வது அடுக்குக்கு எதிரா போகுது (ஹேசன் வில்லியம்ஸ் ஃபார்முலால 4.87), அதான் இவ்ளோ வித்தியாசம். இந்த ஃபார்முலாவ ஒரு செல்லுல எழுதிட்டீங்கன்னா அப்புறம் பைப் சைஸ மட்டும் மாத்தி மாத்தி பாக்கலாம். 10.67 பெருக்கல் நீளம், பெருக்கல் வினாடிக்கு எத்தன கன மீட்டர்ங்கறதோட 1.852 அடுக்கு, அத 150ஓட 1.852 அடுக்காலயும் உள்விட்டத்தோட 4.87 அடுக்காலயும் வகுக்கணும். 150ங்கறது பிவிசிக்கு. உள்விட்டம் மீட்டர்ல இருக்கணும், எம்எம்ல போட்டுட்டு விடை ஏன் பூஜ்யமா வருதுன்னு என்னைக் கேக்காதீங்க. லேட்டரலுக்கு வர்ற விடைய 0.36ஆல பெருக்கணும், வழி நெடுக தண்ணி வெளிய போயிட்டே இருக்கறதால.

சாஃப்ட்வேர் கேட்டீங்கல்ல, ஈபாநெட்னு ஒண்ணு இருக்கு, அமெரிக்க சுற்றுச்சூழல் ஏஜென்சி இலவசமா குடுக்கறது. ஊர் குடிதண்ணி லைனுக்காக பண்ணினது, ஆனா டிரிப் மெயின், சப் மெயினுக்கு நல்லாவே வேலை செய்யும். ஒவ்வொரு முனைலயும் எவ்ளோ பிரஷர்னு படமாவே காட்டும். ஆனா பைப், சாமான் விலைக் கணக்கு அதுல வராது, பைப் லிஸ்ட்ட எடுத்து நீங்கதான் எக்செல்ல ஒட்டணும். இன்னொண்ணு, இன்ஸ்டால் பண்ணினதும் முதல் வேலையா யூனிட்ட மாத்துங்க, அது தானா நிமிசத்துக்கு எத்தன காலன்னு எடுத்துக்கும். நான் முதல் புராஜெக்ட்ல லிட்டர்னு நெனச்சு எல்லா எண்ணையும் காலன்ல போட்டு 140 எம்எம் பைப் வேணும்னு ரிப்போர்ட் எழுதி சார் கிட்ட கொண்டு போய் நின்னேன். அவர் ரெண்டு நிமிசம் பாத்துட்டு "இது தோட்டமாம்மா, வீராணம் திட்டமா"ன்னு கேட்டார்.

உங்க நாலு ஏக்கருக்கு ஈபாநெட் வேண்டியதே இல்ல, ஷீட்டே போதும். ஆனா தண்ணிய அளக்காம அடுத்த வரிக்குப் போகாதீங்க. 200 லிட்டர் ட்ரம் ஒண்ணு வெச்சு செல்போன்ல நேரம் பாருங்க. சும்மா வாயத் தொறந்து விட்டும் அளங்க, அப்புறம் டெலிவரி பைப்ல பிரஷர் மீட்டர் மாட்டி வால்வ திருகி 2 கிலோ காட்டற வரைக்கும் அடைச்சுட்டு இன்னொரு தடவ அளங்க. ரெண்டாவதுதான் நமக்கு வேணும். டிரிப் மாட்டின பின்னாடி உங்க மோட்டர் அந்த பிரஷர தள்ளிக்கிட்டுதான் ஓடணும், தண்ணி கண்டிப்பா குறையும்.

கீழ்காட்டு_சோலார்:

நீர்மட்டம் அக்கா சொன்னதோட ஒண்ணு. எங்களுது சோலார் மோட்டரு. அளந்தது மத்தியானம் 12 மணிக்கு, அந்தக் கணக்குல மூணு ஷிஃப்ட்டுன்னு போட்டாங்க. காலைல 9 மணிக்கு அதே வால்வ தொறந்தா கடைசி லைனுக்கு எட்டவே எட்டாது. இப்ப காலைல பாதி வால்வுதான் தொறக்கறோம். சோலார் போட யோசனை இருந்தா சின்ன சின்ன பிளாக்கா பிரிச்சுக்கங்க, வால்வு ரெண்டு கூட போனா பரவால்ல.

வெட்டியா_ஒரு_கேள்வி:

இவ்ளோ கஷ்டப்படுறதுக்கு ஏஐ கிட்ட கேட்டா ஒரு நிமிசத்துல எஸ்டிமேட் குடுத்துடுமே ப்ரோ?

பைப்ல_பொழப்பு:

கேட்டுப் பாத்தாச்சு தம்பி, எங்க ஓனரு மகன் போன வாரம் கேட்டான். கடகடன்னு அழகா அட்டவணை எல்லாம் போட்டு குடுத்துச்சு. கெணத்துக்கும் காட்டுக்கும் நடுவுல தார் ரோடு போகுதுன்னு அதுக்கு யாரு சொல்றது? ரோட்ட குறுக்க வெட்ட பர்மிசன் வாங்கணும், ரோட்டுக்கு அடில பைப்புக்கு ஒறை மாதிரி கேசிங் பைப் போடணும். நாம சொன்னாத்தான் அது கணக்குல எடுக்கும், எதச் சொல்லணும்னு தெரிஞ்சவனுக்கு எக்செல்லே போதும்.

மேட்டாங்காடு:

நானும் ஈரோட்டுக்காரந்தானுங்க, வயசு 61, கம்ப்யூட்டரெல்லாம் பேத்திதான் போட்டுத்தருது. எல்லாரும் பைப்பப் பத்தியே பேசறீங்க, பயிரப் பத்தி ஒருத்தரும் கேக்கலியே. தம்பி ஷீட்ல மஞ்சளுக்கும் வாழைக்கும் ஒரே நாள்ல உச்ச தண்ணி போட்டிருப்பீங்க, சரிதானுங்களா? மஞ்சள் நடறது வைகாசி ஆனில, வெட்டறது தை மாசில. சித்திரை வெயில்ல மஞ்சள் காட்டுலயே இருக்காது! அப்ப வாழைக்கு மட்டுந்தான் மோட்டரு ஓடும். மஞ்சள் இருக்கற மாசத்துல பாதி நாள் மழைக்காலம். அதனால ரெண்டும் சேந்து நாளைக்கு பத்து மணி நேரம் மோட்டரு ஓடணும்னு வந்துச்சுன்னா பயந்து போயி 7.5 எச்பி மோட்டர எழுதிப்போடாதீங்க. எங்க லைன்ல மும்முனை கரண்ட்டு பகல்ல 6 மணி நேரம் ராத்திரி 3 மணி நேரம் வருது. வாழைக்கு மட்டும்னா பகல் கரண்ட்டே பத்தும்.

ட்யூப் ஆயுசயும் பாக்கோணும். கம்பெனிக்காரன் 7 வருசம்பான். வாழைக்கு சரி. மஞ்சளுக்கு ஒவ்வொரு வெட்டுக்கும் ட்யூப்ப சுருட்டி எடுத்து வெச்சு திருப்பி விரிக்கோணும், மண்வெட்டி பட்டுரும், சுருட்டி வெச்ச எடத்துல எலி கடிச்சுரும். எங்க காட்டுல ஒண்ணாம் நம்பர் கனமான ட்யூப்பே நாலு வருசத்துக்கு மேல வரல. பக்கத்துக்காட்டுல மெல்லிசு வாங்கிப்போட்டு மூணு வருசத்துல தூக்கி எறிஞ்சுட்டு புதுசு போடறாங்க. எது லாபம்னு எனக்கு இன்னும் புடிபடல.

அப்பறம் மானியம். நாலு ஏக்கர்னா உங்கப்பா சிறு விவசாயிக்குள்ள வந்துருவாரே, 5 ஏக்கர் வரைக்கும் 100 சதம் குடுக்கறாங்க, மேல இருந்தா 75. சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், தாசில்தார் குடுக்கற சிறு குறு விவசாயி சான்று, இதெல்லாம் இருக்குதுங்களா? மானியம் இருக்கையில எதுக்கு இந்தக் கணக்கு?

நீர்மட்டம்:

ஐயா, மஞ்சள் சித்திரைல இருக்காதுங்கறத நானும் யோசிக்கல, படிச்சவங்க பண்ற தப்புதான் இது.

நீங்க புடிபடலன்னு சொன்ன ட்யூப் கணக்குக்கு எக்செல்ல பிஎம்டின்னு ஒரு ஃபார்முலா இருக்கு, பேங்க்ல மாசத் தவணை போடறது இதாலதான். மஞ்சக் காட்டுக்கு 6,760 மீட்டர். கனமான ட்யூப் 11 ரூபான்னா 74,360. மெல்லிசு ஆறரை ரூபான்னு வெச்சுக்குவோம், 43,940. வட்டி 9 சதம். மெல்லிசு 3 வருசம் வந்தா வருசத்துக்கு 17,359 ரூபா ஆகுது. கனமானது நிஜமாவே 7 வருசம் வந்தா 14,775, அதுதான் லாபம். ஆனா உங்க காட்டுல நடந்த மாதிரி 4 வருசத்துல போச்சுன்னா வருசத்துக்கு 22,953 ஆயிடும், அப்ப பக்கத்துக்காட்டுக்காரர் செஞ்சதுதான் சரி. 5 வருசம் வந்தாக்கூட மெல்லிசுதான், 6 வருசம் வந்தாத்தான் கனம் ஜெயிக்குது. ஷீட்ல ஆயுசுங்கற ஒரே ஒரு செல்லு இதத் தீர்மானிக்குது, அந்த எண் உங்கள மாதிரி ஆளுங்ககிட்டதான் இருக்கு, கம்பெனி புத்தகத்துல இல்ல. மெல்லிச வருசா வருசம் சுருட்டறதுக்கு ஆள் கூலி கூடுமான்னு பாத்து அதையும் சேக்கணும்.

மானியம் பத்தி, 100 சதம்னா கொட்டேசன்ல 100 சதம் இல்ல. லைன் இடைவெளிக்கு ஏத்த மாதிரி அரசாங்கம் யூனிட் காஸ்ட்னு ஒரு நிர்ணய விலை வெச்சிருக்கு, அதுல 100 சதம். அதுக்கு மேல போற ரூபா நம்ம கைல இருந்துதான். ஒரு தடவ வாங்கின எடத்துக்கு திரும்ப வாங்க 7 வருசம் ஆகணும், மஞ்ச ட்யூப் நாலு வருசத்துல போச்சுன்னா நடுவுல அதுக்கும் சொந்தக் காசுதான். அதனாலதான் கணக்கு வேணும்ங்கறது.

வரியையும் பாருங்க. டிரிப் சாமானுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22ல இருந்து 12 சதத்துல இருந்து 5 சதமா குறைஞ்சிடுச்சு. பிவிசி பைப்புக்கு 18 சதம்தான். ரெண்டையும் தனித்தனி வரில வெச்சு வரி போடுங்க. கொட்டேசன் எதுலயாச்சும் பழைய டெம்ப்ளேட்ல 12ன்னே விட்டிருந்தா சொல்லி மாத்திக்கங்க.

அந்தியூர்_மஞ்சக்காடு:

ரெண்டு நாளா ஆளக் காணோமேன்னு நெனச்சிருப்பீங்க, ட்ரம்மு தேடிட்டு இருந்தேன். பக்கத்து வீட்டு சித்தப்பா கிட்ட 200 லிட்டர் ட்ரம்மு வாங்கி, கடைல பிரஷர் மீட்டர் எரவல் வாங்கி அளந்தாச்சுங்க. சும்மா விட்டா 48 செகண்டுல ரொம்புது, அதாவது மணிக்கு 15,000. வால்வ அடைச்சு 2 கிலோல வெச்சா 61 செகண்டு, மணிக்கு 11,800தான்! நெட்ல பாத்த 20,000 எங்க, இது எங்க. அப்பா கெணத்து மேட்டுல உக்காந்து சிரிக்கறாருங்க.

இப்ப 11,800 போட்டு பாத்தா மஞ்சளுக்கும் 3 ஷிஃப்ட்டு, வாழைக்கும் 3 ஷிஃப்ட்டு. வால்வு 6. வாழைக்கு மட்டும் மூணு ஷிஃப்ட்டு ரெண்டு ரெண்டு மணி நேரம்னா 6 மணி நேரம், மேட்டாங்காடு ஐயா சொன்ன மாதிரி பகல் கரண்ட்டுக்கு சரியா வந்துருது. மோட்டரு மாத்த வேண்டாம்.

அக்கா சொன்ன ஃபார்முலாவ போட்டு 20 மீட்டர் பிரஷர எப்பிடி பங்கு வைக்கறதுன்னு பாத்தேன். டிரிப்பருக்கு 10, ஃபில்டருக்கு 4, சப் மெயினும் லேட்டரலும் சேத்து 2, மேட்டுக்கு 1, மெயின்ல காட்டு நடுவு வரைக்கும் 75 எம்எம் 245 மீட்டருக்கு (180ம் 65ம்) 2.5. மொத்தம் 19.5, தப்பிச்சேன். அதே 63 எம்எம்ன்னா மெயின்ல மட்டும் 6 கிட்ட போகுது, 23 ஆயிருது.

புது ஷீட்டு: லேட்டரல் 3 சதம் சேத்து 1,26,665. மெயின் 75 எம்எம், வால்வுக்கெல்லாம் பிரியறதும் சேத்து 320 மீட்டர், மீட்டர் 88 ரூபா, 28,160. சப் மெயின் 7,688. பாசிக்கு மணல் ஃபில்டரும் வேணும்னு ரெண்டாவது கடைல சொன்னாங்க, அது 22,000, பழைய ஸ்க்ரீன் 9,500. வால்வு 2,700. பைப்ல_பொழப்பு அண்ணன் சொன்ன சில்லற சாமான் 14,000. இதுவரைக்கும் 2,10,713. ஜிஎஸ்டி ரெண்டு வெதமா போட்டா 16 ஆயிரம். பள்ளம் 1,050 அடி, அடிக்கு 10 ரூபா. ஆக மொத்தம் 2,37,000 சொச்சம்.

அப்பறம் கொட்டேசன் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். 2,21,000 போட்டவர் மணல் ஃபில்டரும் போடல, பள்ளமும் போடல. 2,84,000 போட்டவர் எல்லாம் போட்டிருக்கார், மெயின் 90 எம்எம், அது போக ஹைட்ரோ சைக்ளோன்னு ஒரு ஃபில்டரு கூட. இது எனக்கு வேணுங்களா?

பைப்ல_பொழப்பு:

ஹைட்ரோ சைக்ளோன் போர்ல மண்ணு வர்றவங்களுக்கு. கெணத்துத் தண்ணில பாசிதான் வரும், பாசிய அது புடிக்காது, மணல் ஃபில்டருதான் புடிக்கும். மண்ணு கலங்கி வருதான்னு ஒரு பாட்டில்ல தண்ணி புடிச்சு ராத்திரி பூரா வச்சு அடில பாருங்க. ஒண்ணுமில்லாட்டி அத எடுத்துரச் சொல்லுங்க. 90 எம்எம் வேண்டாம், நீங்களே கணக்கு போட்டுட்டீங்களே, 75 போதும். பின்னாடி பக்கத்துக் காட்டையும் வாங்கிப் போடுற யோசனை இருந்தா மட்டும் மெயின பெருசா போட்டுக்கங்க, பள்ளம் ரெண்டாவது தடவ வெட்டுறது தண்டச் செலவு.

எந்த ஷீட்லயும் எழுத முடியாத ஒண்ணு, மணல் ஃபில்டர வாரத்துக்கு ஒருக்கா பேக்வாஷ் (தண்ணிய திருப்பி விட்டுக் கழுவுறது) பண்ணணும், பாசி சாஸ்தியா இருந்தா ரெண்டு நாளைக்கு ஒருக்கா. முன்ன ஒரு மீட்டரு பின்ன ஒரு மீட்டரு வச்சது அதுக்குத்தான், ரெண்டுக்கும் அரை கிலோ வித்தியாசம் வந்தா உடனே கழுவிடணும். நான் போய் பாத்த பாதி காட்டுல அந்த மீட்டரு முள்ளு ஒடஞ்சு கெடக்கும்.

மேட்டாங்காடு:

தம்பி, நிலம் அப்பா பேர்லன்னீங்க, தனிப் பட்டாவா கூட்டுப் பட்டாவா? சித்தப்பான்னு ஒருத்தர ட்ரம்முக்குச் சொன்னீங்களே, அதான் கேக்கறேன். கூட்டுப் பட்டான்னா மொதல்ல அதப் பிரிக்கற வேலையப் பாருங்க, வைகாசிக்குள்ள மானியம் வர்றது கஷ்டமாயிரும்.

அந்தியூர்_மஞ்சக்காடு:

ஐயா, கரெக்ட்டா புடிச்சீங்க. கூட்டுப் பட்டாதான். ட்ரம்மு குடுத்த சித்தப்பாவேதான். திங்கக்கெழம தாலுக்கா ஆபீஸ் போறோம், அவரும் வர்றேன்னு சொல்லியிருக்காரு. அவரோட ஒரு ஏக்கருக்கும் இதே ஷீட்டுல கணக்கு போட்டுத் தரச் சொல்லி கேட்டிருக்காரு.

நீர்மட்டம்:

போட்டுக் குடுங்க. அவருக்கும் அதே கெணத்துத் தண்ணின்னா ஷிஃப்ட்ட முதல்ல இருந்து எண்ணணும், 6 வால்வோட நிக்காது. அப்ப அந்த 90 எம்எம்ம எடுக்கச் சொல்றதுக்கு முன்னால ஒரு தடவ யோசிங்க.

பைப்ல_பொழப்பு:

பள்ளம் வெட்டுற அன்னிக்கு கெணத்துக்கு வர்ற கரண்ட்டு கேபிள் எந்தப் பக்கம் பொதச்சிருக்குன்னு அப்பாவக் கேட்டு சுண்ணாம்பு கோடு போட்டு வச்சுக்கங்க தம்பி. போன மாசம் ஒரு காட்டுல ஜேசிபி வாளி கேபிளத் தூக்கிருச்சு, மூணு நாள் மோட்டரு ஓடல, வாழை பூராம் வாடிப்போச்சு.